தொட்ட கை

சிங்கப்பூரில் பல்லி தலையில் விழுந்தால் அதற்கு ஸ்ப்ரே இருக்கிறது. பதினோராவது மாடி நடைபாதையில் என் உச்சந்தலையில் ஒன்று விழுந்து ஓடியபோது, நான் பதறியதைப் பார்த்த எதிர்வீட்டு மிஸஸ் டான் உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்துவந்து நீட்டினார். மறுவாரம் எனக்குக் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன். தலையில் விழுந்தால் உயிருக்கு ஆபத்து என்று எங்கள் பக்கம் சொல்வார்கள் என்பதை என் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் மிகுந்த அனுதாபத்தோடு இன்னொரு டப்பாவும் கொடுத்தார்.

என் மாமியார் சரோஜாவின் வைத்தியம் வேறு. சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. அந்தக் கோயிலின் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். போக முடியாதவர்கள், தொட்டவரின் கையைத் தொட்டாலும் போதும். பெருமாளே திறந்துவைத்த கிளை அலுவலகம். அப்படியொரு கிளையை மாமியார் நாற்பது வருடம் நடத்தினார். திருப்புட்குழியிலிருந்தும் ஏனாத்தூரிலிருந்தும் பெண்கள் வருவார்கள். தறியை விட்டு எழாமலே கையை நீட்டுவார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவளின் புடவையில் சரிகை போலி என்பதையும் கையோடு சொல்லிவிடுவார். தோஷம் போன நிம்மதி அவளுக்கு அங்கேயே போய்விடும்.

என்னைப் பற்றிய அவர் அபிப்பிராயம் சுருக்கமானது: திருச்சியிலிருந்து வந்து, மகனை விமானம் ஏற்றியவள். வீடியோ காலில் என் தோளுக்குப் பின்னால் மகனைத் தேடுவார். பல்லி விஷயத்தை அவரிடம் சிரிப்புக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பயந்துபோய்த்தான் சொன்னேன். உடனே உள்ளங்கையைத் திரையில் வைத்து, என்னையும் வைக்கச் சொன்னார். வைத்தேன். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்த கை.

மறுநாள் காலை அவரே அழைத்தார். பின்னால் கோயில் மதில் தெரிந்தது. முகமெல்லாம் வியர்வை.

"நேத்து வெச்சது செல்லாதும்மா. நான் பல்லியத் தொட்டதே இல்ல."

கல்யாணமான புதிதில் போனபோது கூட்டமாம். பக்கத்தில்தானே இருக்கிறது, நாளைக்குத் தொட்டுக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாராம். அந்த நாளை வர ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. தேடிவந்த முதல் பெண்ணிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையாம்; பிறகு பழகிவிட்டதாம். அப்படியென்றால் திருப்புட்குழிக்காரிகளின் கதி என்ன என்று கேட்டேன்.

"அவங்கல்லாம் நல்லாத்தான் இருக்குறாங்க. உனக்கு அங்க எம் புள்ளைய வுட்டா யாரு இருக்குறாங்க? இப்பத்தான் ஏறித் தொட்டுட்டு வந்துக்கினு இருக்கேன். வை கைய."

மூட்டுத் தேய்ந்து, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடக்கிறவர் கோயில் படிகளில் ஏறியிருக்கிறார், எனக்காக. கையை வைத்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. போனுக்குச் சூடு ஏறிவிடும், அழாதே என்று அதட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெருமை டாக்டருக்கே என்று படித்தவர்களிடம் சொல்லிவருகிறேன். அடுத்த வருடம் மாமியார் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்குக் காஞ்சிபுரம் வந்திருந்தோம். அது முடிந்த மறுநாள், செய்தி தெரியாமல் ஏனாத்தூரிலிருந்து ஒருத்தி வந்தாள். தோளில் பல்லி விழுந்ததாம். சங்கதியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க இந்த வூட்டு மருமகதானேமா? தொட்டிருப்பீங்க இல்ல?"

நான் தொட்டது போன் திரையைத்தான். ஆமாம் என்று சொல்லிக் கையை நீட்டினேன். அவள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னை இந்த ஊர்க்காரி என்று யாரும் அதற்குமுன் அவ்வளவு உறுதியாக நம்பியதில்லை. மறுநாள் காலை சிங்கப்பூருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தேன்.