யாக்கோப்ஸெல்வ் ஆற்றங்கரையில் என் மகள் காக்கும் எல்லை

கடந்த யூலை மாதம் நோர்வேயின் வடகிழக்கு மூலைக்கு நான் மேற்கொண்ட பயணம் இயற்கையை இரசிப்பதற்கானதன்று. ரஷ்ய எல்லையில் கட்டாயப் படைச் சேவை செய்துவரும் என் மகள் ஆரணி, சேவைக்காலம் முடிந்த பின்னும் மேலும் ஓராண்டு அங்கேயே இருக்கப்போவதாகத் தொலைபேசியில் அறிவித்திருந்தாள். தாய்நாட்டில் நடந்த போரிலிருந்து தப்பி வந்தவள் நான். அவளை ஒஸ்லோவுக்கு அழைத்து வந்தே தீருவதென்று புறப்பட்டேன்.

ஒஸ்லோவிலிருந்து காலை 7.40 விமானம்; இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடங்களில் எல்லை நகரான கிர்க்கெனெஸ். போய்வரக் கட்டணம் 2,640 குரோனர், வாடகைக் கார் நாளொன்றுக்கு 1,150. நகரின் வீதிப் பலகைகளில் நோர்வே மொழியோடு ரஷ்ய மொழியும் உண்டு. இரு நாட்டவரும் கடைகளுக்கு வந்துபோன ஊர் இது. உக்ரைன் போருக்குப் பின்னர் அப்போக்குவரத்து ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஆரணிக்கு ஒரு நாள் விடுப்பு. இருவருமாக அறுபது கிலோமீற்றர் கிழக்கே சென்றோம். ஒன்றரை மணி நேரம். இறுதிப் பகுதியில் வீதி, எல்லையாக ஓடும் யாக்கோப்ஸெல்வ் ஆற்றை ஒட்டியே செல்கிறது. இக்கரையில் மஞ்சள் எல்லைக்கம்பம். அக்கரையில் ரஷ்யாவின் சிவப்பு பச்சைக் கம்பம். இடையே கல்லெறி தூரங்கூட இல்லை.

கைப்பையில் உப்பும் ஏழு செத்தல் மிளகாயும் கொண்டு சென்றிருந்தேன். மகளை நிறுத்தி, கண்ணேறு படாதிருக்க மூன்று முறை சுற்றி நாவூறு கழித்தேன். சுற்றியதை எரிக்கத் தீ மூட்ட வழியில்லை. ஓடும் நீர் இருக்கிறதே என்று கையை ஓங்கினேன். மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"அம்மா, எறியாதேங்கோ! நடு ஆத்துக்கு அங்காலை ரஷ்யா."

"உப்பும் மிளகாயும்தானே பிள்ளை. குண்டே எறியிறன்?"

"ஒண்டும் எறியக்கூடாது. அங்காலை நிக்கிறவங்களோடை கதைக்கவும் கூடாது. சட்டம்."

"அப்ப பெத்த தாயைப் பிடிச்சுக் குடுப்பியோ?"

"ஓம். முதல்லை பேரைக் கேட்டு எழுதுவன். உங்கடை பேர் படிவத்துக்குள்ளை அடங்காது, அதுதான் கரைச்சல்."

சிரித்து முடித்ததும் அக்கரைக் காவற்கோபுரத்தைக் கண்ணால் காட்டினாள்.

"அங்கை ஒருத்தன் எங்களைப் பாத்துக்கொண்டிருப்பான். நீங்கள் எறிஞ்சா எழுதுவான். அவங்கடை ஆக்கள் எங்கடை ஆக்களிட்டைக் கேப்பினம். சின்ன விசயம் சின்னதாவே முடியோணும் அம்மா. அதுதான் எங்கடை வேலை."

பள்ளிப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றாலும் ஐரோப்பிய வரலாற்றை நூலகத்தில் நானாகவே கற்றவள் நான். பின்லாந்தின் எல்லை வேலி, பால்டிக் நாடுகளின் பதற்றம் ஆகியன பற்றி மணிக்கணக்கில் உரையாற்ற என்னால் இயலும். எனினும், படைவீரரைக் கண்டால் ஒளிந்தே வளர்ந்த எனக்கு, ஒரு மிளகாய்கூட எல்லை தாண்டாமல் காப்பதும் படைத்தொழிலே என்பதை எந்நூலும் உரைக்கவில்லை. என் மகள் உரைத்தாள்.

செல்ல விரும்புவோர் கோடையிலேயே செல்லுங்கள். குளிர்காலத்தில் இவ்வீதி மூடப்படும். எரிபொருளையும் உணவையும் நகரிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் தொலைபேசி ரஷ்ய வலையமைப்பைப் பற்றிக்கொண்டு நேரத்தை ஒரு மணி முன்னே நகர்த்திவிடும். வெளிநாட்டு இணைப்பை முன்கூட்டியே நிறுத்துங்கள். அக்கரை வீரரைப் படம் எடுக்கவோ அழைத்துப் பேசவோ முயலாதீர்கள்.

மறுநாள் விமான நிலையத்தில், "சரி பிள்ளை, இன்னும் ஒரு வருசம் நில்" என்று சம்மதம் அளித்தேன்.

"அதுக்குக் கையெழுத்து வைச்சு மூண்டு கிழமையாச்சு, அம்மா" என்றாள்.

கடிந்துகொள்ள மனம் வரவில்லை. எவரையும் கேளாமல் கற்று, எவரையும் கேளாமல் முடிவெடுப்பது என்னிடமிருந்து அவளுக்குச் சென்ற பழக்கமேயாகும்.