கண்ணில்லாத மினுவே

ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போதும் ஓதில் பெராஷோனின் குதிகால் தரையில் பதிவதில்லை. ஆறு தாளத்துக்கு நான்கு அடி. மினுவே நடனத்தின் கணக்கு அது. பின்னால் நிற்பவர் முனகினால், "ஒரு சுத்து முடிச்சுட்டு நகர்றேன், ரொட்டி எங்கயும் ஓடிடாது" என்பார்.

பிரான்சின் புளுவா நகர நீச்சல்குளத்தில் நுழைவுச்சீட்டு கொடுப்பது அந்த அம்மாவின் வேலை. வியாழன் மாலைகளில் அதே கட்டடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில், ராஜாக்கள் காலத்து மினுவேயைக் கற்றுக்கொடுக்கிறார். கறிக்கடை அன்செல்ம், இரண்டு செவிலியர், ஒரு பேருந்து ஓட்டுநர் என்று எட்டுப் பேர் வருகிறார்கள்.

விண்வெளிப் படம் எது வந்தாலும் முதல் நாளே பார்த்துவிடுவார், திட்டுவதற்கென்றே. "இதயமில்லாத ஜென்மம்னு காட்டணும்னா உடனே மினுவே ஆட விட்டுடறானுங்க. இரும்பு மனுஷன் ஆடுறான், பச்சை ரத்த ராணி ஆடுறா. நல்லவங்க ஒருத்தராவது ஆடி நீங்க பாத்திருக்கீங்களா?" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பார். அவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

போன வசந்தத்தில் அப்படியொரு படக்குழு அவரையே தேடி வந்தது. ஆற்றங்கரை மாளிகையில் இயந்திர மனிதர்களின் நடன விருந்து. ஆடப்போவது அவருடைய மாணவர்கள். மூன்று மாதம் பயிற்சி. படத்தில் ஆடப்போவதை அன்செல்ம் கறி வெட்டிக்கொண்டே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான்.

படப்பிடிப்பு அன்று வழவழப்பான எஃகு முகமூடிகள் வந்தன. மூக்குக்குக் கீழே ஒரு கீறல், அவ்வளவுதான்.

"கண்ணு எங்க, தம்பி?" என்று இயக்குநர் பஸ்தியானிடம் கேட்டார் ஓதில்.

"மெஷினுக்குக் கண்ணு எதுக்கு, மதாம்? உணர்ச்சியே இல்லாம ஆடணும். காலடி சரியா இருந்தா போதும்."

"இந்த ஆட்டத்துல கை சேர்றது மூணே தடவை. மத்த நேரமெல்லாம் எதிர்ல இருக்கவங்களப் பாத்துக்கிட்டேதான் போகணும். ஆட்டமே அந்தப் பார்வைதான்."

"அதெல்லாம் யாரு கவனிக்கப் போறா?"

"யாரும் கவனிக்கலேன்னா என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

பஸ்தியான் கேமராவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது அந்தக் காட்சி படத்தில் நாற்பது விநாடி வருகிறது. பாரிஸிலிருந்து அழைத்துவரப்பட்ட யாரோ ஆடுகிறார்கள். புளுவாக்காரர் ஒருவரும் அதில் இல்லை. அன்செல்மின் மனைவி இன்னும் ஓதிலுடன் பேசுவதில்லை.

படப்பிடிப்பு அன்று, இரண்டாம் முறை இசை தொடங்கியபோது அன்செல்ம் தடுமாறி நின்றான். "டீச்சர், தரைதான் தெரியுது. எதிர்ல யாரு வர்றாங்கன்னே தெரியல" என்றது முகமூடிக்குள்ளிருந்த குரல். கேமரா ஓடிக்கொண்டிருக்க, அதன் முன்னால் நடந்து போனார் ஓதில். வியர்த்திருந்த அவன் முகத்திலிருந்து முகமூடியை உருவித் தரையில் கவிழ்த்தார். இரண்டடி பின்வாங்கி நின்று, அவன் கண்களிலிருந்து பார்வையை எடுக்காமல், வலது கையை நீட்டினார்.