கொலுசு முழுங்கியில் மனை

அன்றைக்கு இடம் பார்க்க வந்திருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். எங்கள் புரோக்கர். எங்கள் புரோக்கருக்கு இடத்தைச் சொன்ன புரோக்கர். அந்தப் புரோக்கருக்கு இடத்தைச் சொன்ன டீக்கடைக்காரர். கார் ஓட்டி வந்தவர். ஓட்டியதற்குக் கமிஷனில் பங்கு உண்டாம். வெள்ளை வேட்டி சட்டையில் இன்னொருவர். அவர் வாயைத் திறக்கவில்லை. யார் என்று கேட்டேன். “சும்மா கூட வந்தவரு, அக்கா” என்றார்கள்.

இடத்துக்குச் சொந்தக்காரருக்கு வேலை, வர முடியவில்லை என்றும் சொன்னார்கள்.

எங்களுக்கு வேண்டியது ஐந்து சென்ட். தண்ணீர் ஏறாத ஐந்து சென்ட். எங்கள் வீடு வாய்க்கால் கரையில், புறம்போக்கில். ஐப்பசியில் வாய்க்கால் வீட்டுக்குள் வரும், நாங்கள் பள்ளிக்கூடத்துக்குள் போவோம். நான் படித்தது மூன்றாவது வரை. வெள்ளத்துக்கு ஒதுங்கிய நாளையும் கணக்கில் எடுத்தால் பத்தாவது பாஸ். போன மழையில் அந்த வராந்தாவில் ஊரே படுத்திருந்தபோது வீட்டுக்காரரிடம் சொன்னேன், அடுத்த மழைக்கு இங்கே வர மாட்டேன் என்று. சரி என்றார். பேராவூரணியில் தேங்காய் உரிக்கிறவர். அதிகம் பேச மாட்டார், சொன்னால் செய்வார். அவர் கூலியும் என் நடவுக் கூலியுமாகப் பணம் சேர்த்தோம்.

இதற்கு முன்னால் மூன்று இடம் பார்த்தாகிவிட்டது. முதல் இடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷம் என்றார் புரோக்கர்.

“நடந்தா?” என்று கேட்டேன்.

“போன்ல பேசிக்கிட்டே போனா தெரியாதுக்கா.”

இரண்டாவது இடத்துக்குப் பத்திரம் இருந்தது, பட்டா இருந்தது, போக வழி இல்லை. மூன்றாவதுக்கு வழி இருந்தது. சுடுகாட்டுக்கும் அதுதான் வழி. அமைதியான ஏரியா என்றார். அதில் மட்டும் பொய் இல்லை. மூன்று இடத்துக்கும் மறுநாள் காலையில் திருச்சிப் பார்ட்டி ஒன்று பணத்தோடு வருவதாக இருந்தது. பாவம், எங்களைவிட அந்தப் பார்ட்டிக்குத்தான் அலைச்சல்.

இது நாலாவது. சித்திரை மாதம். ஒரத்தநாடு சாலையிலிருந்து உள்ளே போகவேண்டும். வாசலில் கல்யாண மண்டபம் மாதிரி வளைவு. உள்ளே செம்மண் கொட்டி நிரவி, மஞ்சளும் வெள்ளையும் அடித்த கல் வரிசையாக நட்டிருந்தார்கள். கல் நடவு சுத்தமாக இருந்தது.

புரோக்கர் வீட்டுக்காரரிடம்தான் பேசினார். “அண்ணே, மேட்டு நிலம். கெழக்குப் பாத்த மனை. உங்க அறுபதாம் கல்யாணத்துக்கு இங்கேருந்துதான் திருக்கடையூர் கெளம்பப் போறீங்க, பாருங்க.”

வீட்டுக்காரருக்கு ஐம்பத்திரண்டு. அரைமணி நேரத்தைப் பத்து நிமிஷமாக்குகிறவருக்கு எட்டு வருஷம் எம்மாத்திரம்.

என்னிடம் பேசியது ஒன்றே ஒன்று. “அக்கா, கிச்சன் அந்த மூலைல வரும்.”

வீட்டுக்காரர் முகம் தெளிந்துவிட்டது. அட்வான்ஸ் என் மஞ்சள் பையில் இருந்தது. “ஏம்மா, குடுத்துருவமா?” என்றார்.

நான் கிச்சன் வரும் மூலையைப் பார்த்தேன். அதற்கு அப்பால் வாய்க்கால் வளைகிறது. வளைவில் ஒரு பக்கம் உடைந்த மதகு. அந்த மதகை எனக்குத் தெரியும். நடவுக்கு வரும்போது சோத்துத் தூக்கை அதன் மேல்தான் வைப்போம்.

“இது கொலுசு முழுங்கில்ல?” என்றேன்.

“எது, அக்கா?”

நடவாட்கள் அந்த வயலுக்கு வைத்த பெயர் அது. மேலே இருக்கிற வயல்களில் வடிகிற தண்ணீர் எல்லாம் வந்து சேரும் பள்ளம். காலை வைத்தால் தொடை வரை போகும். கொலுசைக் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டுதான் இறங்குவோம். மறந்துபோய் இறங்கிய வருஷம் என் இடது கால் கொலுசு போனது. அப்படிப் பார்த்தால் இந்த மனைக்கு நான் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவள்.

“அதெல்லாம் அப்பக்கா. இப்ப நாலடிக்கு மண்ணு அடிச்சிருக்கு” என்றார் எங்கள் புரோக்கர்.

“அஞ்சடி” என்றார் டீக்கடைக்காரர்.

கல்லோரம் ஒரு கம்பி கிடந்தது. எடுத்துக் குத்தினேன். ஒரு சாண் வரைக்கும் அழுத்த வேண்டியிருந்தது. அதற்குக் கீழே கம்பி தானாகப் போனது. வெளியே இழுத்தபோது கறுப்புக் களி அப்பிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பையை என் கையிலிருந்து வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வெள்ளைச் சட்டைக்காரர் வாயைத் திறந்தார். எங்களிடம் இல்லை.

“ஏன்யா, ஆள் கூட்டியாரப்ப எந்த ஊருன்னு கேக்க மாட்டீங்களா? நட்டவங்களையே கூட்டியாந்து நிறுத்துறீங்க?”

சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று அப்படித்தான் தெரிந்தது.

புரோக்கர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரருக்குக் கடை ஞாபகம் வந்துவிட்டது. சொந்தக்காரர் என் பக்கம் திரும்பினார். “அம்மா, உங்களுக்குன்னா கொறச்சுத் தர்றேன். வெளில மட்டும் சொல்லிக்காதீங்க.”

“நான் சொல்லலைங்க. தண்ணிக்கிட்ட யாரு சொல்றது?”

“நாளைக்குத் திருச்சிப் பார்ட்டி வருது, அப்புறம் வருத்தப்படக் கூடாது” என்றார் எங்கள் புரோக்கர்.

“வரட்டும். நாங்க ஐப்பசில வர்றோம்.”

“ஐப்பசில யாரு, அக்கா, எடம் பாப்பாங்க?”

“தண்ணி பாக்கும்.”

திரும்பும்போது காரில் இடம் இல்லை என்றார்கள். வரும்போது இருந்தது. சாலை வரைக்கும் வெயிலில் நடந்தோம். பாதி வழியில் வீட்டுக்காரர் கேட்டார்.

“அப்ப இந்த மழைக்கும் பள்ளிக்கூடந்தானா?”

“ஆமாங்க.”

 போக மாட்டேன் என்று சொன்னவள் நான்தான்.

ஐப்பசி வந்தது. வாய்க்கால் வீட்டுக்குள் வந்தது. நாங்கள் அதே வராந்தாவில், அதே தூணோரம். காலையில் கஞ்சி ஊற்றியதும் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். விற்பனைக்கு என்று போர்டு வைத்த இடத்தில் எல்லாம் குச்சி விட்டுப் பார்த்தோம். கோடையில் எங்களை மகாராணி மாதிரி காரில் ஏற்றியவர்கள் மழையில் போனைக்கூட எடுக்கவில்லை. மேட்டு நிலம் என்ற எதிலும் தண்ணீர் இடுப்புக்குக் கீழே நிற்கவில்லை. போர்டு மட்டும் சில இடங்களில் மேலே தெரிந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு இடத்தில் குச்சி நனையவில்லை. நடுவில் ஒரு ஆடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாதான் சொந்தக்காரி. புரோக்கர் யாரும் இதைக் காட்டவில்லையா என்று கேட்டேன்.

“சின்ன எடம்மா, கமிஷன் கட்டாதுன்னு போயிட்டாங்க” என்றார்.

தை மாதம் அதை எங்கள் பேருக்கு எழுத, சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். இரண்டே முக்கால் சென்ட்.