அணையா விளக்கை அணைத்த கதை

போன பெரிய வியாழக்கிழமை, எங்கள் கோயிலில் ஆண்டவரை அணைக்க முடியாமல் போய்விட்டது.

பதறாதீர்கள்... சொல்கிறேன். குற்றவாளி நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டித்துக் கடிதம் எழுத நினைப்பவர்களுக்கு வேலை மிச்சம்.

கத்தோலிக்கரல்லாத வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்கள் கோயில்களில் பீடத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கும். நற்கருணைப் பேழை என்போம். அதற்குள் இயேசு அப்ப வடிவில் இருக்கிறார் என்பது எங்கள் நம்பிக்கை. ஆள் உள்ளே இருக்கிறார் என்று காட்டுவதற்காகப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கண்ணாடி விளக்கு இரவு பகலாக எரியும். அதன் பெயர் அணையா விளக்கு. தன்னை உலகத்தின் ஒளி என்று சொன்னவரின் வாசலில் விளக்கு எரியாமல் இருக்கலாமா?

இருக்கலாம் என்றது கடல் காற்று. எங்கள் கோயில் திருகோணமலையில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மழைக்காலம் வந்துவிட்டால் கதவு, யன்னல் எதற்கும் அடங்காத காற்று. போன மார்கழியில் அந்த எண்ணெய் விளக்கு எத்தனை தடவை அணைந்தது என்று எனக்குத் தெரியாது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சேவியர் அண்ணனுக்குத்தான் தெரியும். காலையில் கதவைத் திறப்பார், எட்டிப் பார்ப்பார், அங்கிருந்தே சத்தம் போடுவார்.

"பாதர்! ஆண்டவர் இண்டைக்கும் நூந்து போனார்!"

பாதருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பங்குச் சபையைக் கூட்டினார். நான் அதன் செயலாளர். ஒன்றரை மணி நேரம் கதைத்து, இரண்டு தரம் தேநீர் குடித்து, எண்ணெய் விளக்குக்குப் பதிலாக எல்.ஈ.டி. விளக்குப் போடுவது என்று முடிவெடுத்தோம்.

எங்கள் கோயிலுக்கு எலெக்ட்ரீஷியன் கிண்ணியாவிலிருந்து வரும் நிஸ்தார். நாற்பது வயதிருக்கும். அவருடைய ஊர்ப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் எங்கள் பாதரின் மைக்கும் அவர் கைபட்டுத்தான் பேசுகின்றன. ஏணியில் ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சுவிட்ச் எங்க வைக்க, அக்கா?"

"சுவிட்சோ? இது அணையா விளக்கு, நிஸ்தார். அணைக்கிற தேவையே வராது."

"கரண்ட் போனா?"

"கரண்ட் போனாலும் எரிய வேணும்."

"அப்ப பற்றரியும் போட்டுவிடுறன்."

போட்டார். சுவருக்குள் பெட்டி, பெட்டிக்குள் பற்றரி, மேலே சீமெந்து பூசி வெள்ளையும் அடித்துவிட்டார். அவ்வளவு சுத்தமான வேலை. 'சுவிட்ச் தேவையில்லை' என்று கூட்டக் குறிப்பில் எழுதி நானே கையெழுத்தும் வைத்தேன். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்கிறவளுக்குக் கையெழுத்து வைப்பதில் உள்ள சந்தோஷம் உங்களுக்குத் தெரியாதது அல்ல.

இனித்தான் என் மண்டையில் அடிக்க வேண்டிய இடம். அணையா விளக்கையும் அணைக்கிற நாள் ஒன்று இருக்கிறது! பெரிய வியாழன் மாலைப் பூசை முடிந்ததும் நற்கருணையை எடுத்துப் பக்கத்துச் சிற்றாலயத்தில் வைத்துவிடுவார்கள். பேழையின் கதவு திறந்தபடி கிடக்கும். பீடத்துத் துணியை உரிந்து விடுவார்கள். விளக்கை அணைத்துவிடுவார்கள். மறுநாள் அவர் சாகிற நாள்... வீடு வெறுமை என்று காட்டுவதற்கு. பிறகு சனிக்கிழமை இரவு உயிர்ப்புத் திருவிழிப்பில்தான் திரும்பவும் எரியும்.

சின்ன வயது முதல் வருடாவருடம் பார்த்த காரியம். எப்படி மறந்தேன்? நான் மட்டுமா மறந்தேன், பாதரும் சபையில் இருந்த அத்தனை பேரும் மறந்தோம். ஒரு சொல்லை அதிகமாக நம்பினால் இப்படித்தான் நடக்கும்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். மாலை ஏழரை மணி இருக்கும். பீடம் வெறுமையாகிவிட்டது. பாதர் சேவியர் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். சேவியர் அண்ணன் சுவரைத் தடவினார். மேலே தடவினார், கீழே தடவினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஊதாத் துணி ஒன்றைத் தடியில் கோர்த்து விளக்கின்மேல் போட்டார்கள். சிவப்பு வெளிச்சம் ஊதா வெளிச்சமாக மாறியது, அவ்வளவுதான். வாளியால் மூடுவோமா என்று யாரோ கேட்டார்கள். விளக்கை மரக்காலால் மூடுவதைப் பற்றி இயேசு முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார் என்று பாதர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கடைசியில் சேவியர் அண்ணன் ஓடிப்போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார்.

கோயில் முழுக்க இருட்டு. ஃபான் நின்றது, பிள்ளைகள் கூவினார்கள். துணியும் வழுக்கி விழுந்தது. அந்த இருட்டில், பற்றரி வைத்த எங்கள் அணையா விளக்கு மட்டும், முன்னைவிடப் பிரகாசமாக...

முன்வரிசையில் ஒரு அம்மா உருகிப்போய்ப் பாட்டே எடுத்துவிட்டார். பாதிப்பேர் கூடப் பாடினார்கள். எனக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. கைலேஞ்சியை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், விளக்குக்கு நேர் கீழே இருந்த றீற்றா எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவதைக் கண்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

றீற்றா எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி இருக்கிறவர். பள்ளிக்கூட யூனிபோம் தைப்பவர், என் சட்டைகளும் அவர் தைத்தவைதான். கணவர் அன்ரன் சாம்பல்தீவுப் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போய்வந்தவர். ஆறு வருடத்துக்கு முன், ஒரு கார்த்திகை மாதம், கடலுக்குப் போனவர் வரவில்லை. படகு மட்டும் வந்து கரையொதுங்கியது. அதற்குப் பிறகு றீற்றா ஞாயிறு பூசைக்கு வருவதில்லை. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் இல்லை. வருடத்தில் பெரிய வியாழன் பின்னேரமும் பெரிய வெள்ளியும் மட்டும் வருவார். அந்த விளக்கின் கீழ் இருப்பார். யாரோடும் கதைக்கமாட்டார், போய்விடுவார். ஏன் அந்த இரண்டு நாள்? நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வாசலுக்கு ஓடினேன். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"றீற்றா, எங்க போறீங்க? இன்னும் முடியயில்லையே."

"வீட்ட போறன், அக்கா."

"சின்னப் பிழை ஒண்டு. இப்ப சரிப்பண்ணிவிடுவம்."

"இண்டைக்கும் எரியுதுதானே. இனி நான் இருந்து என்ன?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இருந்த ஒரேயொரு இடமும் இல்லாமல் போனவரின் குரல் அது. இப்போது போனால் இவர் இனிமேல் வரமாட்டார் என்று எனக்குப் பட்டது. வருடத்துக்கு இரண்டு நாள் இருந்ததையும் என் கையெழுத்துத் தின்றுவிட்டதா?

"ஒரு மணித்தியாலம் இருங்கோ. எனக்காக," என்று கையைப் பிடித்து வாசல் வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, நிஸ்தாருக்குப் போன் எடுத்தேன். "அணைக்க வேணுமோ? அணைக்கக் கூடாதெண்டு..." என்று ஆரம்பித்தவர், என் குரலைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். "இஷா தொழுதிட்டு வாறன், அக்கா" என்றார்.

சொன்னபடி வந்தார். கிண்ணியாவுக்குப் பாலம் போட்டபடியால் பிழைத்தோம், பழைய ஃபெரிக் காலமென்றால் அன்றைக்கு வந்து சேர்ந்திருக்கமாட்டார். மற்றவர்கள் எல்லாரும் சிற்றாலயத்தில் முழந்தாளில் இருந்தார்கள். மெயின் சுவிட்ச் இறக்கியபடியே கிடந்த பெரிய கோயிலுக்குள் நாங்கள் மூன்று பேர்தான். நிஸ்தார் ஏணியைச் சாய்த்து வைத்தார். ஏறவில்லை.

"கேக்கிறனெண்டு கோவிக்க வேணாம். நாங்களும் ஈஸா நபி எண்டு மதிக்கிற ஆள்தான். நீங்க அவர ஒளி எண்டுதானே சொல்ற? ஒளிய ஏன் அணைக்கிற?"

நல்ல கேள்வி. திருச்சபைச் சட்டம், திருவழிபாட்டு ஒழுங்கு என்று ஒரு பதிலை நான் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் றீற்றா வாயைத் திறந்தார்.

"எங்கட இவர் கடலால வராத நேரம் வீட்டுக்கு வந்த ஆக்கள் எல்லாம் ஒளி, ஒளி எண்டுதான் சொன்னவை, தம்பி. இயேசு ஒளி, வழி காட்டுவார், அழாதையுங்கோ எண்டு. பொய்யெண்டு நான் சொல்லயில்லை. எனக்கு ஒண்டும் தெரியயில்லை, அவ்வளவுதான். இருட்டாத்தான் இருந்தது. கோயிலுக்கு வந்தா இந்த விளக்கு எரியும். பாக்க எரிச்சலா இருக்கும். உமக்கென்ன, நீர் வெளிச்சத்தில இருக்கிறீர் எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவன்."

விளக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த வருசம் பெரிய வியாழன் வந்தது. இதை நூத்தவை. அண்டைக்குத்தான் விளங்கினது... இயேசுவுக்கும் தெரியும், இருட்டெண்டா என்னெண்டு. தெரிஞ்ச ஆளோடதான் தம்பி கதைக்க ஏலும். மற்ற ஆக்களோட ஏலாது."

நிஸ்தார் உளியை எடுத்தார். ஏணியில் ஏறினார். தான் பூசிய சீமெந்தைத் தானே உளியால் கொத்தினார். பெட்டியைத் திறந்து வயரைக் கழற்றினார்.

விளக்கு அணைந்தது.

இறங்கிவந்த நிஸ்தாரும் உடனே புறப்படவில்லை. கடைசி வாங்கில் போய் இருந்தார். றீற்றா தன் இடத்துக்குப் போனார். அவர் உதடு அசைவது தெரியவில்லை, முணுமுணுப்பு மட்டும் கேட்டது. நீண்ட நேரம் கதைத்தார். என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எனக்குக் கண்ணீர் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அன்ரன் காணாமல் போன கிழமை அவர் வீட்டுக்குப் போய் ஒளி, ஒளி என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

கரண்ட் போன நேரத்தில் சில அயலவர்கள் கேற்றடியில் நின்றபடி எங்கள் முகத்துக்கு நேரே ரோச் லைற் அடிப்பார்கள். "இருக்கிறீங்களோ? பயப்படாதையுங்கோ!" என்பார்கள். கண் கூசுமே தவிர வேறு பிரயோசனம் இல்லை. வேறு சிலர் தட்டித் தடவி உள்ளே வந்து, பக்கத்துக் கதிரையில் இருப்பார்கள். இத்தனை வருடமாக நான் இயேசுவை முதலாவது வகை ஆளாகத்தான் நினைத்து வைத்திருந்தேனா? அவர் சாகிற நேரம் நடுப்பகலில் ஊரே இருண்டது என்று ஒவ்வொரு பெரிய வெள்ளியும் வாசிக்கிறோம். வாசித்துவிட்டுக் கஞ்சி குடிக்கப் போய்விடுகிறோம். ஒளி என்று நாங்கள் கும்பிடுகிறவர் அந்த இருட்டுக்கு உள்ளேயே போய் இருந்தவர் என்பது, கோயிலுக்கு வராத ஒருத்தி சொல்லித்தான் எனக்கு விளங்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை நிஸ்தார் வந்து சுவிட்ச் பூட்டிக் கொடுத்தார். இந்த முறை பாதர், சேவியர் அண்ணன், நான் என்று மூன்று பேரும் போட்டுப் பார்த்து, அணைத்துப் பார்த்தோம். உயிர்ப்புத் திருவிழிப்பில் விளக்கு ஒழுங்காக எரிந்தது. றீற்றா வரவில்லை. வருவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இப்படிக் கதைகளில் வருவார்கள் அல்லவா?

ஞாயிறு காலை. குசினியில் இறைச்சி அடுப்பில் இருக்கும்போது போன் அடித்தது. றீற்றா.

"அக்கா, கோயில்ல லைற்றைப் போட்டாச்சோ?"

"ஓம், போட்டாச்சு. வடிவா எரியுது. ஏன்?"

"இல்ல, சுவிட்சில பிழை வந்து போடாம விட்டிருப்பினமோ எண்டு இரவு முழுக்க யோசினை. நான் ஆறு வருசமா இருட்டோட பழகிட்டன், எனக்குப் பரவாயில்லை. அவருக்கு மூண்டு நாள் போதும், அக்கா. பாவம்."

போனை வைத்துவிட்டார். நான் அகப்பையோடு அப்படியே நின்றேன்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான்... ஆண்டவரைப் பாவம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.