சங்கம் தனியாராம்

பிள்ளைகளே, சவூதியில் ஜுபைல் கேம்பில் என் ரூமில் ஒரு பெரியவர் இருந்தார். ஊரில் தீயணைப்புத் துறையில் ஓய்வு பெற்றவர். இங்கே வெல்டிங் நடக்கும் இடத்தில் தீப்பொறிக்குக் காவல். புருவம் பாதிதான் இருக்கும். எங்கே நுழைந்தாலும் முதலில் மோந்து பார்ப்பார், பிறகுதான் உட்காருவார்.

அவர் வெளிநாடு போய்விட்டார் என்று, ஓய்வூதியர் சங்கம் அவர் மனைவிக்குத் தந்த மருத்துவ உதவியை நிறுத்திவிட்டது. அந்தத் தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டார். சங்கச் செயலாளர் போனில் வந்தார்.

"நாங்க தனியார் சங்கம்ணே. அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது."

பெரியவர் கத்தினார். "கவர்மெண்டு வீடா, தனியார் வீடான்னு பாத்தாய்யா நான் சர்வீஸ் பூரா தண்ணி அடிச்சேன்?"

மதுவென்ற பேச்சே ஆகாத நாடு. எங்கள் ரூமிலிருந்த காயல்பட்டினத்து பாய் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாண்ணே! வெளிய கேட்டா ரூமையே ஊருக்கு ஏத்திருவாங்க!"

"யோவ், நெருப்புல அடிச்சேன்யா!"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"இனி என்னண்ணே செய்வீங்க?" என்றேன்.

"முன்கதவு பூட்டியிருந்தா ஜன்னல் வழியா போவோம். சங்கம் தனியார், சரி. சங்கத்தைப் பதிவு பண்ற ஆபீஸ் கவர்மெண்டுதானே? சங்கம் அங்க குடுத்த காகிதத்தை அங்கயே கேக்குறேன்."

கேட்டார். அப்படியொரு தீர்மானமே அங்கே தாக்கலாகவில்லை என்று பதில் வந்தது. அதைக் காட்டியதும், தீர்மானமே இல்லாமல் நிறுத்தியிருந்த சங்கம் உதவியைத் திரும்பத் தந்தது.

அடுத்த லீவில் அந்தச் செயலாளருக்கே ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிப் போனார். ஏனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.