மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு இயற்பியல் வகுப்பு

மூன்று வாரத்துக்கு முன்னால் எனக்கு ஒரு பாராட்டு வந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து இன்னும் முழுசாக மீளவில்லை.

என் பத்தாம் வகுப்பு மாணவி பவித்ராவுக்கு அம்மை போட்டிருந்தது. பத்துப் பதினைந்து நாள் பள்ளிக்கு வர முடியாது. திருப்புதல் தேர்வோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யலாம்? நான்தான் எங்கள் பள்ளியின் ‘டெக்னாலஜி டீச்சர்’ ஆயிற்றே! மேஜை மேல் போனை வைத்து, ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு, ஒளிவிலகல் பாடத்தை ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்தேன். இரண்டு வகுப்பு, இரண்டு ஆடியோ. அவள் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் காதில் விழும்படி அதைச் சொல்லியும் வைத்தேன்.

மறுநாள் அவள் அம்மா செல்வி போன் செய்தார். பக்கத்திலிருக்கும் பாடியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. மகளுக்காக லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்.

“மிஸ், நீங்க நல்லா இருக்கணும் மிஸ். ரெண்டு நாளா ஒரே அரிப்பு, புள்ள கண்ணே மூடல. இன்னா பண்ணியும் கேக்கல. இன்னிக்கு மத்தியானம் உங்க ஆடியோவ போட்டு உட்டேன்… அஞ்சே நிமிசம். ஜம்முனு தூங்கிகினு கீது!”

“பரவாயில்லம்மா… தூங்கட்டும்” என்றேன்.

அவர் குரல் தணிந்தது. “ஆனா ஒண்ணு மிஸ். நர்ஸ் ஆவணும்னு சொல்லிகினு இருந்த புள்ள, இப்ப சயின்ஸ் குரூப்பே வேணாங்குது. ‘இந்தப் பரீட்சைல பெயிலாயிட்டா அத்தோட உட்ரும்மா, ஃபிசிக்ஸ் என் மண்டையில ஏறல’ன்னுது. நீங்கதான் எதுனா பண்ணணும்.”

பவித்ராவா? மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ‘புரிஞ்சுதா?’ என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டும் பெண்ணாயிற்றே! அவளுக்கு ஏறவில்லை என்பது இத்தனை மாதம் எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

அன்று சாயங்காலம் அம்பத்தூரில் ரயில் ஏறினேன். ஜன்னலோர சீட். அப்படி என்னதான் பாடம் நடத்தியிருக்கிறோம், கேட்டுவிடலாம் என்று காதில் இயர்போனை மாட்டினேன். நான் இறங்க வேண்டியது ஆவடியில்… மூன்றாவது ஸ்டேஷன்.

கண் விழித்தபோது திருநின்றவூர்.

வீட்டுக்காரர் போன் செய்தார். “எங்கே இருக்கே?”

“திருநின்றவூர்ல.”

“அங்கே என்ன வேலை?”

“என் பாடத்தை நானே கேட்டுட்டு வந்தேன்… தூங்கிட்டேன்.”

பாதுகாப்புத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷமாக மெஷின் சத்தத்துக்கு நடுவே வேலை பார்க்கிற மனிதர். அவர் சிரித்த சிரிப்புக்கு அந்த மெஷினே தேவலாம்.

திரும்பி வரும் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்திலும், ஏறிய பிறகும் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு மறுபடி கேட்டேன். நாற்பது நிமிஷ வகுப்பு. அதில் முப்பத்தெட்டு நிமிஷம் நான். மீதி இரண்டு நிமிஷம் ஃபேன் சத்தமும், “புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்” என்ற கோரஸும். ‘புரிஞ்சுதா?’ என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தொன்று! ஒரு தடவையாவது பதிலுக்குக் காத்திருந்தேனா? மூச்சு விடும் நேரம்கூட இல்லை. கேட்ட வாயோடு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அழுகை வந்தது. ரயிலில் அழ முடியாது என்பதால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் டெக்னாலஜி வளர்ச்சியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாக்பீஸில் ஆரம்பித்தவள். பிறகு ப்ரொஜெக்டர். எழுத்துகள் நாலா பக்கமிருந்தும் பறந்து வந்து உட்காரும் அறுபத்திரண்டு ஸ்லைடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டொய்ங்’ சத்தம். பிறகு ஸ்மார்ட் போர்டு. கொரோனா காலத்தில் ஆன்லைன். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு சான்றிதழ். ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன. பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்… கருவிதான் மாறியதே தவிர, பேசிக்கொண்டே இருந்தது யார்? அதே நான்தான். வாங்கிய கருவியெல்லாம் என் வாய்க்குத்தான் உதவியது; காதுக்கு ஒன்றுமே வாங்கவில்லை.

மறுநாள் வகுப்பில் திருநின்றவூர் கதையைச் சொன்னேன். மானம் போனால் போகட்டும் என்றுதான். வகுப்பே குலுங்கியது.

“மிஸ், நாங்களும் தூங்கிகினுதான் இருந்தோம். கண்ணத் தொறந்துகினு!” என்றான் கிஷோர். வாயாடி. வேறு நாளாக இருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

பவித்ராவின் தோழி ஜெனிஃபர் எழுந்தாள். “மிஸ், போனை எங்ககிட்ட குடுங்க. அவளுக்கு நாங்க சொல்லி அனுப்பறோம். ஆனா நீங்க நடுவுல பேசக்கூடாது.”

ஆசிரியைக்கே கண்டிஷன்! சரியென்று தலையாட்டினேன். ஒரு குழுவுக்கு இரண்டு நிமிஷம்.

அந்த வகுப்பு முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதற்குத்தான் ஒரு சான்றிதழ் தர வேண்டும். ஜெனிஃபர் குழு நன்றாகவே ஆரம்பித்தது. “பவி, பருத்திப்பட்டு ஏரில போட்டிங் போனோமே, துடுப்பு தண்ணில உடைஞ்சாப்ல தெரிஞ்சுதுல்ல? அதான்டி இது.” அடுத்து கிஷோர். “தண்ணில பூந்தா வெளிச்சத்துக்கு மூச்சு வாங்கும் பவி, அதான் ஸ்லோ ஆவுது.” மூச்சா! நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண், “டேய், இன்னாடா ஒளர்ற, காத்த விட தண்ணி அடர்த்திடா” என்று அவனைத் திருத்திவிட்டாள். நான் திருத்தியிருந்தால் தலையாட்டியிருப்பான். அவளோடு சண்டை போட்டான். சண்டை முடிவில் அவனுக்குப் புரிந்திருந்தது.

எல்லாவற்றையும் அனுப்பினோம்.

அடுத்த நாள் காலையில் பவித்ராவிடமிருந்து ஒரு குரல் பதிவு. அதை ஸ்மார்ட் போர்டு ஸ்பீக்கரில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். “ஏய்… ஒரு டவுட்டு. சிரிக்காதீங்க. தண்ணில ஸ்லோ ஆவுதுன்னா சரி. ஆனா ஏன் வளையணும்? நேராவே மெதுவா போலாமில்ல?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ‘ஒளி விலகிச் செல்லும்’ என்று சொல்வேன், படம் போடுவேன், முக்கியமான கேள்வி என்று ஸ்டார் போடுவேன். ‘ஏன்?’ என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்க நான் இடம் விட்டதும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டது யார் தெரியுமா? மண்டையில் ஏறவில்லை என்று சொன்ன பெண்!

பதில் சொல்லத் துடித்தேன். ஜெனிஃபர் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

பத்து நிமிஷம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் கிஷோர்தான் குதித்தான். “மார்ச் பாஸ்ட்டு மிஸ்! போன வாரம் பிராக்டிஸ்ல எங்க லைன் கோணிக்கிச்சே!”

எல்லோரும் மைதானத்துக்கு ஓடினோம். பாதி சிமென்ட் தரை, பாதி மழையில் ஊறின சேறு. ஆறு பேர் கைகோத்து வரிசையாக, சாய்வாக, சிமென்ட்டிலிருந்து சேற்றுக்கு நடந்தார்கள். முதலில் சேற்றில் கால் வைத்தவனுக்கு வேகம் குறைந்தது. சிமென்ட்டில் இருந்தவர்கள் அதே வேகத்தில் வந்தார்கள். வரிசை தானாகத் திரும்பியது! பிறகு நேருக்கு நேராகச் சேற்றில் இறங்கினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மெதுவானார்கள், வரிசை திரும்பவில்லை.

“பவி, பாத்தியா! நேரா போனா நேராவே மெதுவா போவும். சைடா போனாத்தான் வளையும். நீ கேட்டதும் கரெக்ட்டு!” என்று போனைப் பார்த்துக் கத்தினான் கிஷோர். முழங்கால் வரை சேறு. நான்தான் வீடியோ எடுத்தேன். சிரித்துக்கொண்டே எடுத்ததால் கொஞ்சம் ஆடியிருக்கும்.

அதற்குப் பிறகு பவித்ரா விடவில்லை. ஒரு வாரத்தில் பதினோரு கேள்வி அனுப்பினாள். இரண்டுக்கு எனக்கே பதில் தெரியாமல் புத்தகத்தைப் புரட்டினேன்.

போன வாரம் தேர்வுக்கு வந்தாள். முகத்தில் தழும்பு இன்னும் மறையவில்லை. ஒளிவிலகல் கேள்விக்கு வழக்கமான படத்துக்குப் பக்கத்தில், கைகோத்து நடக்கும் ஆறு குச்சி மனிதர்களை வரைந்திருந்தாள். ஒரு மனிதனுக்கு மட்டும் காலில் சேறு. விடைக்குறிப்பில் சேற்றுக்கு மதிப்பெண் கிடையாது. நான் போட்டேன். அந்தச் சேற்று மதிப்பெண் இல்லாவிட்டாலும் தாராளமாகத் தேறியிருப்பாள். அறுபத்து மூன்று. வகுப்பில் முதலிடம் இல்லை, பத்தாமிடம்கூட இல்லை. அதனால் என்ன?

தாளைக் கொடுத்து, விடைகளை விளக்கிவிட்டுப் பழக்க தோஷத்தில் கேட்டேன். “எல்லாருக்கும் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்…”

கோரஸ் அடங்கியதும் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல். “இல்ல மிஸ்.”

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதிக் காட்டத் தெரியவில்லை.

நேற்று செல்வி மறுபடி போன் செய்தார். “மிஸ், பாப்பா திரும்ப ‘நர்ஸு, நர்ஸு’ன்னு ஆரம்பிச்சிடுச்சி. சயின்ஸ் குரூப்புதான் வேணுமாம். உங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஆனா ஒண்ணு மிஸ்…”

“சொல்லுங்கம்மா.”

“நான் இப்ப நைட் ஷிஃப்ட்டு. பகல்ல தூக்கமே வர மாட்டேங்குது. உங்க அந்தப் பழைய ஆடியோ, பாப்பா அழிச்சிடுச்சி… இன்னொரு வாட்டி அனுப்புறீங்களா?”

அனுப்பிவிட்டேன். இரண்டு வகுப்பையும் சேர்த்தே!