பின்வளவால் போன றோட்டு

எங்கள் பின்வளவுக்கூடாகப் போகும் றோட்டை இன்று பார்ப்பவர்களுக்கு அது எப்போதும் அங்கேதான் கிடந்தது என்று தோன்றும். அப்படியில்லை. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் ஊர் கூடிப் போட்ட றோட்டு அது. கூலியும் இல்லை, ஒப்பந்தக்காரரும் இல்லை. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, மண்வெட்டியும் கடகமும் கொண்டு போட்டார்கள். சிரமதானம் என்ற சொல் எங்கள் பக்கம் அப்போது புழக்கத்தில் இல்லை. 'ஊர் வேலை' என்போம். அந்த ஊர் வேலைக்கு எங்கள் ஒழுங்கையில் முதலில் தலையாட்டியது என் வீடு. என் புருசனைத் தலையாட்ட வைத்தவள் நான். ஆகவே இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அவருடைய வளவு ஓர் ஒழுங்கையில் தொடங்கி அடுத்த ஒழுங்கையில் முடிந்தது. வடக்கு ஒழுங்கையைப் பார்க்க மூத்தவளான ராத்தாவுக்கு ஒரு வீடு, தெற்கு ஒழுங்கையைப் பார்க்க எனக்கு ஒரு வீடு. இரண்டு வீட்டு அடுப்படியும், அதாவது குசினியும், பின்பக்கம், ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி. வேலியில் ஆள் சரிந்து நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதைக் கடப்பு என்போம்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லா வீட்டுப் பின்வேலியிலும் கடப்பு இருந்தது. ஒழுங்கைகள் ஆண்களுடையவை. வயதுக்கு வந்த பெண் பகலில் தனியாக அதில் கால் வைப்பதில்லை. அதற்காக நாங்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தோம் என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். கடப்புக்குக் கடப்பு நுழைந்து ஊரின் பாதியைச் சுற்றி வருவோம். எந்த வீட்டு அடுப்பில் என்ன ஆணம் கொதிக்கிறது, யாருக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் சந்தைக்குப் போய்வரும் ஆண்களைவிட எங்களுக்கு முந்தித் தெரியும்.

எனக்கு அந்தக் கடப்பு ராத்தாவிடம் போகும் வழி. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது உம்மா மௌத்தானார். அதன்பிறகு எனக்குத் தலைவாரியதும் ஓதிக் கொடுத்ததும் அடித்ததும் அவள்தான். கலியாணம் முடித்த பிறகும் ஒரு நாளில் பத்துத் தடவை அங்கே போவேன், அல்லது அவள் இங்கே வருவாள். என் அடுப்பில் ஆணம் கொதிக்கும்போதே உப்புப் பார்க்க வந்துவிடுவாள். அவள் நாக்கில் பட்டு, "ம்ம்" என்று அவள் சொன்னால்தான் சட்டியை இறக்குவேன். சண்டையும் பிடிப்போம். கோபித்துக்கொண்டு கடப்புக்குக் குறுக்கே ஓலை மட்டையை இழுத்துப் போடுவாள். ஒரு சுண்டு அரிசி வேகும் நேரத்துக்குள் அவளே வந்து எடுப்பாள்.

ராத்தாவின் முதல் குழந்தை தங்கவில்லை. பிள்ளை நோவு கண்டு ஒரு நாள் முழுக்கக் கிடந்தாள். பெரிய வீதி வரை வந்த காரால் எங்கள் ஒழுங்கைக்குள் வர முடியவில்லை. கணுக்கால் புதையும் கடல் மணல், அதிலும் கோணல்மாணலான ஒழுங்கை. மாட்டு வண்டிலைக் கொண்டு வந்தார்கள், அதுவும் பாதியில் இறுகி நின்றது. கடைசியில் ஒரு கதிரையில் உட்காரவைத்து நான்கு பேர் சுமந்து போனார்கள். ராத்தா மட்டும் திரும்பி வந்தாள்.

அதற்கு அடுத்த வருடம் கிராம முன்னேற்றச் சங்கத்தார் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். பெரிய வீதியிலிருந்து கடற்கரை வரை நேராக ஒரு றோட்டுப் போடலாம், ஒழுங்கைகளை அகட்டினால் வீடுகளை உடைக்க வேண்டிவரும், ஆனால் பின்வளவுகள் ஒரே நேராக வெறுமையாகக் கிடக்கின்றன, இருபக்கத்து வீட்டாரும் ஆறு முழம் விட்டுக் கொடுத்தால் போதும் என்றார். என் புருசன் கூட்டத்தால் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். எங்கள் ஆறு முழத்துக்குள் மூன்று தென்னை நின்றது.

"காய்க்கிற மரம்கா. எப்பிடித் தறிக்கச் சொல்லுற?" என்றார்.

"ராத்தா இப்ப நாலு மாசம். இந்த முறையும் கதிரையில ஏத்தி அனுப்பவா?" என்று கேட்டேன்.

மறுநாள் விடிய அவர் சுபஹ் தொழுதுவிட்டு வரும்போதே தலைவரிடம் சம்மதம் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் வீடு விட்டதும் மற்றவர்களும் விட்டார்கள்.

வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. அந்த மூன்று மாதத்தைப் போல ஒரு காலம் எனக்குப் பிறகு வரவில்லை. அயலூர்களும் சேர்ந்தன. சாய்ந்தமருதிலிருந்து மீன்பிடிக்காரர்கள் வலையை உலரப் போட்டுவிட்டு வந்தார்கள். மருதமுனையிலிருந்து நெசவுக்காரர்கள் வந்தார்கள். மண்வெட்டி பிடித்துப் பழகாத கைகள், முதல் நாளே கொப்பளித்துப் போயின. பாண்டிருப்புத் தமிழ் ஆட்கள் வண்டில் வண்டிலாகக் கிறவல் மண் கொண்டு வந்து கொட்டினார்கள். பெண்களும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியை ஊர் வேலைக்கென்று தனிப் பானையில் போட்டோம். ஞாயிறு விடிந்தால் அந்த அரிசியெல்லாம் என் வளவுக்கு வரும். சாக்கு மறைப்புக்குப் பின்னால் பதினைந்து இருபது பெண்கள் சமைப்போம். ராத்தா வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பலகையில் குந்தியிருந்து எல்லாரையும் ஏவுவாள்.

"இஞ்ச என்னகா, தேங்காப்பாலா கிணத்துத் தண்ணியா இது? றோட்டுப் போடுற மனிசருக்கு இதையா குடுக்கப் போறியள்?"

அவள் சத்தம் மறைப்புக்கு அந்தப் பக்கம் கேட்டு ஆண்கள் சிரிப்பார்கள். சட்டிகளை மறைப்புக்குக் கீழால் தள்ளுவோம், காலியாகித் திரும்பி வரும். யார் சமைத்தது யார் தின்றது என்று தெரியாது. ஆனாலும் நாங்கள் எல்லாரும் ஒன்றாக ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம் என்ற நினைப்பு நெஞ்சை நிறைத்தது. அந்த நிறைவுக்கு நான் இன்றும் ஏங்குகிறேன்.

இதில் எனக்கு இன்றுவரை விளங்காதது ஒன்றுண்டு. வேலி பிரிந்து கிடந்தது, மரம் விழுந்தது, கயிறு பிடித்து அளந்தார்கள். எல்லாம் எங்கள் கண்முன்னே நடந்தது. கடப்புகள் எல்லாம் அந்தப் பின்வேலியில்தான் இருந்தன. அந்த வழியாலேயே நடந்து வந்து, அந்த வேலைக்கே சமைத்துப் போட்ட அத்தனை பெண்களில் ஒருத்திக்கும், இனி எந்த வழியால் போவோம் என்று தோன்றவில்லை. றோட்டு என்றால் கார் வரும், வண்டில் வரும், மருத்துவமாது வருவாள் என்று நினைத்தோம். ஆண்கள் வருவார்கள் என்று நினைக்கவில்லை. ஆண்களுக்கும் தோன்றவில்லை. நாங்கள் எந்த வழியால் போய்வருகிறோம் என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

றோட்டு முடிந்த அன்று ஊர் அதிகாரியான விதானையார் வந்து நாடா வெட்டினார். சங்கத்தார் எங்களுக்கு ஓர் உபகாரமும் செய்தார்கள். பெண்கள் புழங்கும் இடம் வெளியே தெரியக் கூடாதென்று, இரண்டு பக்கமும் புதுக் கிடுகால் ஆளுயரத்துக்கு மேலே நெருக்கமாக வேலி கட்டிக் கொடுத்தார்கள். கூலியில்லாமல்தான். ஓர் ஓட்டையும் விடாமல் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தார்கள்.

மறுநாள் கணவாய் ஆணம் வைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு பழக்கத்தில் பின்பக்கம் போனேன். வேலி முன்னால் நின்றது. அதற்கு அப்பால் இரண்டு சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின. கிண்ணம் கையில் சுட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே வந்து, தின்ன மனமில்லாமல் சட்டியோடு மூடி வைத்தேன்.

புருசனிடம் சொல்லி என் பங்குக்கு வேலியில் ஒரு சின்னப் படலை போடுவித்தேன். படலை திறந்தது, என்னால்தான் அதற்கு வெளியே போக முடியவில்லை. ஊரிலேயே நேரான, நல்ல றோட்டு அல்லவா? எல்லா ஆண்களும் அதால்தான் போனார்கள். வேலையில்லாதவர்களும் அதால் போனார்கள். ராத்தா வீட்டுக்குப் போவதென்றால் மஃரிபுக்குப் பிறகு, இருட்டியதும், புருசன் முன்னால் நடக்க, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போக வேண்டும். போய் இருந்து ஒரு வெற்றிலை போடுவதற்குள், "போவமா?" என்பார் அவர்.

ஒருநாள் பொறுக்காமல் அவரிடம் சங்கத்துக்கு ஒன்று சொல்லி அனுப்பினேன். மத்தியானம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஆண்கள் அந்த றோட்டால் போகாமல் இருக்க வேண்டும், அந்த நேரம் பெண்களுக்கு. சங்கத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லையாம். தலைவர் நல்ல மனிசர், சிரித்துவிட்டு, "தம்பி, இண்டைக்கு றோட்ட மறிக்கச் சொல்லுறா, நாளைக்கு பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுவா உங்கட வீட்டுக்காரி" என்றாராம். என் புருசனும் அதைச் சொல்லிச் சிரித்தார். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.

ராத்தாவுக்கு நோவு கண்டது ஒரு வெள்ளிக்கிழமை. நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்து என் புருசன் சவளக்கடைப் பக்கம் வயலுக்குப் போயிருந்தார். காலை பத்து மணியிருக்கும், அந்தப் பக்கத்தில் மச்சான், அதாவது ராத்தாவின் புருசன், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் கார் வந்து அவர்கள் வேலியோரம் நின்றது. மருத்துவமாதுவின் குரல் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். இதற்காகத்தானே மூன்று தென்னையைத் தறிக்க வைத்தேன்.

முக்காட்டைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தேன். காரைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். மூடினேன். கொஞ்சம் பொறுத்துத் திறந்தேன். ஜும்ஆத் தொழுகைக்குப் போகிறவர்கள் வெள்ளைச் சட்டையோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ராத்தா கத்துவது கேட்டது. என்னைத்தான் கூப்பிட்டாள். பெயர் சொல்லி அல்ல, சின்ன வயதில் கூப்பிடும் விதமாக. நான் ஒரு காலை வெளியே வைத்தேன். வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் நின்று, மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, நான் உள்ளே போவதற்காகக் காத்து நின்றார். நான் உள்ளே போனேன். அவர் கெட்டவர் இல்லை. முறைத்துப் பார்த்திருந்தாலாவது றோட்டைக் கடந்து ஓடியிருப்பேன்.

ஊரெல்லாம் பள்ளியில் இருந்த நேரத்திலும் கார்க்காரரும் இன்னும் இரண்டு பேரும் படலைக்கு நேரே நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஜும்ஆ முடிந்து திரும்பியவர்கள் அதே றோட்டால்தான் வந்தார்கள். அந்த நேரம் குழந்தை அழுதது. நல்ல பலமான அழுகை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கிடுகு உள்ளங்கையில் கீறியது. பிறகு இன்னொரு கார் வந்தது, பெண் குரல்கள் கேட்டன, தட்டுகள் சத்தமிட்டன. யாரென்று தெரியவில்லை.

என் புருசன் வந்து சேரப் பின்நேரம், அஸர் ஆகிவிட்டது. காலில் வயல் சேறு காயாமலே அவரை இழுத்துக்கொண்டு படலையால் வெளியே வந்தேன். எட்டே எட்டு அடி வைத்தேன், ராத்தாவின் வளவு வந்துவிட்டது.

அறை நிறைய மச்சானின் சொந்தக்காரப் பெண்கள், அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர்கள். பாயில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய் ராத்தாவின் பக்கத்தில் இருந்தேன். ஆண் பிள்ளை, அவள் கைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ராத்தாவின் முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தாள், கோபமில்லை.

"றோட்டு நல்லம்கா" என்றாள் மெல்ல. "அக்கரைப்பத்தால ஆக்கள் வந்து, புள்ளயப் பார்த்து, சோறும் திண்டுட்டாங்க. ஒன்னத்தான் காணல்ல."

காலையிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பேர் முன்னால் வார்த்தை வரவில்லை. பிறகு சொல்லலாம் என்று விட்டேன். பிறகு அவளைத் தனியாகப் பார்க்கக் கிடைத்தபோதெல்லாம் நேரமில்லாமல் போனது, வருடங்கள் போயின, அவளும் போய்விட்டாள். நான் வராமலே இருந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.